முதல் ஓலைக்கு ஒரு தடை

மீன் வாசம் வருதாக்கா? என் பையில இருந்துதான். ஜன்னல இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுக்கிடுங்க. பொரிச்ச சீலா மீன், நாலு துண்டு. வேண்டாம் வேண்டாம்ங்கேன், பையத் திறந்து உள்ள திணிக்காங்க. என் உயிர எடுத்துட்டு மீனக் கட்டிக் குடுத்து அனுப்புதாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு சண்டை வேறயாம், சாப்பாடு வேறயாம்.

ஆமா, அழுதுட்டுத்தான் இருக்கேன். தூசி விழுந்துட்டுன்னு பொய் சொல்லதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. நீங்க எங்க, பாளையங்கோட்டையா? நான் இந்த பஸ்ல திருநெல்வேலி போய், அங்கன இருந்து கோவில்பட்டிக்கு மாறணும். அப்போ நேரம் கிடக்கு. நியாயம் கேக்கதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும்க்கா. என்னையும் தெரியாத ஆளு, அவளையும் தெரியாத ஆளு. கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு சொல்லுங்க. என் மேலன்னாலும் சொல்லுங்க, கடிச்சிர மாட்டேன்.

பேரு உலகம்மாள். சிரிக்காதீங்க, சாமி பேரு. பேருதான் உலகம்மா, பாத்த உலகம் கயத்தாறு டோல்கேட் வரைக்கும்னு எங்க மாமா கிண்டல் பண்ணுவாரு. மூணு வருசமா தூத்துக்குடியில ஹாஸ்டல்ல தங்கி பி.எஸ்சி. கணக்கு படிச்சேன். கடைசிப் பரிச்சை முடிஞ்சு ரெண்டு வாரம் ஆவுது. டெல்பின் என் கிளாஸு, என் ரூமு, பக்கத்துக் கட்டிலு. கடற்கரைப் பிள்ளை, மாதா கோயில் வேதக்காரங்க. ஊர் பேர மட்டும் கேக்காதீங்க. அந்த ஊருக்கு நான் செஞ்சது போதும்.

வர்ற ஜூன் பத்தாம் தேதி நானும் அவளும் ஐரோப்பாவுக்குப் போறதா இருந்துச்சு. சைக்கிள் ஓட்டதுக்கு.

பாத்தீங்களா, நீங்களும் அதே பார்வைதான் பாக்கீங்க. படிக்கப் போறேன்னா ஆசீர்வாதம் பண்ணுவாங்க. வேலைக்குப் போறேன்னா மாலை போடுவாங்க. சைக்கிள் ஓட்டப் போறேன்னா மட்டும், "ஏட்டி, இங்க ரோடா இல்ல?" எங்க அப்பா கேட்டாரு, வார்டன் கேட்டாங்க, பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரும் கேட்டாரு. ரோடு இருக்கு சார், அதுல லாரியும் இருக்குன்னேன்.

அங்க டான்யூப்னு ஒரு ஆறு. ஜெர்மனியில பாசாவ்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சா வியன்னா வரைக்கும் ஆத்த ஒட்டியே சைக்கிளுக்குன்னு தனிப் பாதை. முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டரு. பின்னால வந்து ஆரன் அடிச்சு உங்கள முள்ளுக்குள்ள தள்ளுதவன் ஒருத்தன் கிடையாது. ஆறு போற பக்கமே போறதால மேடும் கம்மி. சைக்கிளு அங்கனயே வாடகைக்குக் கிடைக்கும். எழுவது வயசுக்காரங்கல்லாம் ஓட்டுதாங்க, வீடியோவுல பாத்தேன். ஒரு அம்மா தலை பூரா நரைச்சிருக்கு, கேரியர்ல கூடாரத்தக் கட்டிக்கிட்டு போறாங்க, யாருகிட்டயும் கேக்காம. எனக்கு அதுதான் பிடிச்சிட்டு. யாருகிட்டயும் கேக்காம.

எனக்கு என்னன்னு எழுதி வச்சாச்சு பாத்துக்கோங்க. ஜூலையில பி.எட். சேரணும். முடிச்சா எங்க ஊர் ஸ்கூல்ல டீச்சரு. பெறவு எங்க மாமா மகன். கிண்டல் பண்ணுவாருன்னேம்லா, அந்த மாமாதான். நான் எதுக்கும் மாட்டேன்னு சொல்லல. நடுவுல பதினாலு நாளு எனக்குன்னு கேட்டேன். ஒரு ஆயுசுல பதினாலு நாளு. அது பேராசையா?

அப்பா எப்படி ஒத்துக்கிட்டாருன்னு கேளுங்க. டெல்பினோட சித்தி ஒருத்தங்க ஆஸ்திரியாவுல கன்னியாஸ்திரி மடத்துல இருக்காங்க. மதர் அலோய்சியா. 'என் அக்கா மகளும் அவ தோழியும் என் பொறுப்புல வாறாங்க, மடத்துல இடம் குடுக்கேன்'னு முத்திரை குத்தி லெட்டர் போட்டாங்க. கன்னியாஸ்திரி மடம்னதும் எங்க அப்பா அடங்கிட்டாரு. விசாவுக்கும் அந்த லெட்டருதான் உயிரு. அது இல்லாம, கோவில்பட்டிக்காரி ஒருத்தி சைக்கிள் ஓட்ட வாறேன்னு போய் நின்னா எவன் உள்ள விடுவான்? லெட்டர்ல முதல் பேரு டெல்பின். ரெண்டாவதுதான் நான். அவ போனாத்தான் நான் போவ முடியும். வர்ற புதன்கிழமை காலையில சென்னையில விசா ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் சேத்து நேரம் குடுத்திருக்கான். புதன்கிழமை. இன்னைக்கு சனி.

ஒண்ணரை வருசம் பிளான் பண்ணேன்க்கா. நீல கலர்ல ஒரு ஃபைலு. எந்த நாள் எத்தன மணிக்குக் கிளம்பணும், எத்தன கிலோமீட்டரு, எங்கன தண்ணி பிடிக்கலாம், எங்கன மேடு, எங்கன பஞ்சர் ஒட்டுத கடை, எல்லாம். கையால வரைஞ்ச மேப்பு மட்டும் பன்னெண்டு. டெல்பினுக்கு வலது முட்டு வலிக்கும், அதனால இருவது கிலோமீட்டருக்கு ஒருக்க ஏழு நிமிசம் ஓய்வு. ஏழு ஏன்னா, அஞ்சு நிமிசத்துல வலி குறையாது, பத்து நிமிசம் விட்டா அவ எந்திரிக்க மாட்டா. ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பூசை பாக்கணும், அதுக்குன்னு வழியில கோயில் தேடி, அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கேன். யாரு ஒதுக்குவா? எனக்கென்ன வேதமா? அவ வியன்னாவுல கேக்கு சாப்பிடணும்னா. சரின்னு அதையும் எழுதிட்டு, பெறவு அடிச்சேன். நேரம் இடிச்சுது. அடிக்கும்போது அவகிட்ட சொல்லிட்டுத்தான் அடிச்சேன்.

பழகதுக்கு எங்ககிட்ட என்ன சைக்கிளு இருக்கு? பிளஸ் ஒன்ல கவர்மென்ட் குடுத்த சைக்கிளுதான் ரெண்டு பேருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு எழுப்பிருவேன். உப்பளத்து ரோட்டுல போவோம். அந்த ரோட்டுல எதிர்காத்து அடிச்சா, ஆளு மிதிக்கா, சைக்கிளு நிக்கும். நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. விதி நானே எழுதினேன், மொத்தம் இருவத்திமூணு. மிதிக்கும்போது பேச்சு கிடையாது. போனு என் பையில இருக்கும். டீக்கடையில நிறுத்தக் கூடாது, நிறுத்துனா வேகம் செத்துரும். "ஏ உலகு, டீ வாசம் வருதுட்டி"ம்பா பின்னால இருந்து. "மூதி, வாசத்தக் குடிச்சிட்டு வா"ம்பேன். சிரிப்போம். ரெண்டு பேருந்தான் சிரிப்போம்... அவளும் சிரிச்சான்னுதான் நினைக்கேன். பின்னால இருந்தால்லா, எனக்கு முகம் தெரியாது.

இந்த மாசியில இருந்துதான் ஆளு மாறிட்டா. போனு அடிச்சா இறங்கிருவா. என் பையில கையவிட்டு எடுத்துக்கிட்டு உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் போயிருவா. விதி ஒம்பது, போனத் தொடக் கூடாதுட்டின்னு நான் சொன்னா, வீட்டுல இருந்துங்கா. வீட்டுல பேசுததுக்கு எவளாவது காதோரத்து முடியச் சுருட்டிக்கிட்டே பேசுவாளா? மூணு தடவ, "உலகு, ஒரு விசயம் சொல்லணும்"னா. மூணு தடவயும் நான் என்ன சொன்னேன், "முதல்ல இந்த இருவது கிலோமீட்டர முடி, பெறவு சொல்லு"ன்னேன். முடிச்ச பெறவு அவ சொல்லல. நானும் கேக்கல. இதுல யாரு தப்பு? சொல்லுதவ சொல்ல வேண்டாமா?

போன ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது. சனிக்கிழமை போன் போட்டு, "வீட்டுக்கு வா, அம்மா கூப்பிடுதாங்க"ன்னா. சரி, விசாவுக்கு அவ கையெழுத்துப் போட வேண்டிய காயிதம் நாலு இருந்துச்சு, கையோட வாங்கிரலாம்னு ஃபைலத் தூக்கிட்டுப் போனேன். வீடு பூரா வெள்ளை அடிச்சிருக்கு. என்ன விசேசம்னா, சும்மாதான்னாங்க. காலையில எல்லாரும் பூசைக்குப் போனோம். பூசை முடியப் போவும்போது ஃபாதர் மைக்ல ஒரு தாள எடுத்து வாசிக்காரு. கல்யாண ஓலையாம். வேதக்காரங்க கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிப்பாங்க, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம்னு. வாசிக்காரு. மணமகன் கிளீட்டஸ். மணமகள் டெல்பின். ஜூன் பதினஞ்சு.

ஜூன் பதினஞ்சு என் ஃபைல்ல சைக்கிள் மிதிக்க ஆரம்பிச்சு நாலாம் நாளு. முப்பத்தெட்டு கிலோமீட்டரு.

நான் திரும்பி அவளப் பாக்கேன். அவ தலையில முக்காடு போட்டுக்கிட்டு தரையப் பாக்கா. அந்த நேரம் ஃபாதர் இன்னொண்ணு வாசிச்சாரு பாருங்க. "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதனைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." கடமைன்னு நான் சொல்லலக்கா. அவங்க கோயில்ல, அவங்க மைக்ல, அவங்க சாமியாரு சொன்னது. அந்த ஊர்ல நூறு வருசமா வாசிக்காங்களாம், ஒரு தடவ கூட யாரும் ஒண்ணும் தெரிவிச்சது இல்லையாம். பெறவு எதுக்கு வாசிக்காங்க? வாசிக்காம விட்டுரலாம்லா?

வெளிய வந்ததும் ஆலமரத்தடியில வச்சு அவ கையப் பிடிச்சேன். "கல்யாணமாட்டி?"

"மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை. ஜூன் முடியுத வரைக்குந்தான் லீவு. நான் சொல்லணும்னுதான் இருந்தேன் உலகு."

"அப்போ புதன்கிழமை விசா?"

"நீ போயிட்டு வாட்டி."

நீ போயிட்டு வாவாம்! டோல்கேட்டத் தாண்டாதவள டான்யூபுக்கு ஒத்தையில போயிட்டு வாங்கா. லெட்டர் யாரு பேர்ல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே சொல்லுதா. உங்க வீட்டுல கட்டாயப்படுத்துதாங்களான்னு கேட்டேன். இல்லன்னா. பயந்து சொல்லுதான்னு நினைச்சேன். கட்டாயப்படுத்தாம எவளாவது டான்யூப விட்டுட்டுக் கல்யாணம் பண்ணுவாளா? நீங்க சொல்லுங்க. சரி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டு, நீங்க சொல்ல மாட்டீங்க.

பஸ் ஏறப் போனவ நேரா சாமியார் பங்களாவுக்குப் போனேன். ஃபாதர் வேற ஊருக்குப் பூசை வைக்கப் போயிட்டாரு. உபதேசியாரு மட்டும் இருந்தாரு. கோயில் காரியம் பாக்கவரு, வயசானவரு. ஒரு வெள்ளைத் தாள் குடுங்கன்னேன். அங்கனயே நின்னு எழுதினேன். மூணு வருசம் லீவு லெட்டர் எழுதுன கைலா, தானா வந்துட்டு. பெறுநர், உயர்திரு பங்குத்தந்தை அவர்கள். பொருள், திருமணத் தடை தெரிவித்தல் தொடர்பாக. ஐயா, மேற்படி மணமகள் டெல்பின் என்பவர் ஜூன் பத்தாம் தேதி வெளிநாடு செல்வதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துள்ளார். ஜூன் பதினைந்தாம் தேதி அவர் இந்த நாட்டிலேயே இருக்கமாட்டார். விமானச் சீட்டு முன்பதிவு நகல் இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ப. உலகம்மாள்.

இதுல ஒரு பொய் இருக்கா? ஒரு எழுத்து பொய் இருந்தாச் சொல்லுங்க.

சைக்கிள்ங்கத எழுதலதான். சைக்கிளுன்னு எழுதுனா சிரிப்பாங்கன்னு எழுதல.

உபதேசியாரு வாசிச்சாரு. "நீ யாருத்தா?"ன்னாரு. ரூம்மேட்டுன்னேன். நான் தூத்துக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிட்டு. கல்யாணத்துக்கு அஞ்சு நாளைக்கு முன்னால பொண்ணு பிளேனு ஏறி ஓடப் போறாளாம், டிக்கெட்டே எடுத்தாச்சாம், கோயில்ல தாள் இருக்காம். மாப்பிள்ளை வீட்டுல இருந்து வேன் பிடிச்சு வந்துட்டாங்களாம். டெல்பின் அப்பா ரெண்டு நாளா போட்டுல கடலுக்குப் போவலையாம். ரெண்டாவது ஓலைய நிறுத்தி வச்சு விசாரணை. சனிக்கிழமை சாட்சியோட எல்லாரும் வரணும்னு ஃபாதர் சொல்லி அனுப்பிச்சாரு. சாட்சி நாந்தான்.

எனக்குச் சந்தோசம்க்கா, மறைக்க மாட்டேன். பேசதுக்கு ஒரு இடம் கிடைச்சிட்டு. ஃபைல எல்லாருக்கும் காட்டுவேன், ஆறு, மேப்பு, மடம், முட்டுக்கு ஓய்வு, அரை மணி நேரம் பூசை, எல்லாம் பாத்தா கல்லும் இளகும். கல்யாணத்த பத்து நாள் தள்ளி வைப்பாங்க. அவ்வளவுதான் என் கோரிக்கை. கல்யாணத்த நிறுத்துன்னு நான் கேட்டனா? தள்ளி வைன்னுதான்.

இன்னைக்குக் காலையில போனேன். சாமியார் பங்களாவுல ஒரு நீள மேசை. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, ஒரு பக்கம் இவங்க. நடுவுல ஃபாதர் ததேயுஸ், பக்கத்துல உபதேசியாரு என் லெட்டர ரெண்டு விரலால பிடிச்சிக்கிட்டு. டெல்பின் மூஞ்சி வீங்கிக் கிடந்துச்சு. என்னப் பாக்கல.

மாப்பிள்ளையோட அம்மாதான் ஆரம்பிச்சாங்க. "எவன்கூட ஓடப் பாத்தா, அதச் சொல்லு முதல்ல."

"ஓட இல்ல ஆன்ட்டி, சைக்கிள்ல போவ. என்கூட."

பெறவு எல்லாரும் ஒண்ணா கத்துதாங்க. டெல்பின் அப்பா எந்திரிச்சு நிக்காரு, "எம்மா, நாங்க உனக்கு என்ன செஞ்சோம்? எங்க வீட்டுல வந்து சாப்பிட்ட பிள்ளைதான நீ?" அவரு கத்தல. கத்தியிருந்தா திருப்பிக் கத்தியிருப்பேன். கையக் கூப்பிக்கிட்டுக் கேக்காரு. நான் ஃபைலப் பாத்துக்கிட்டேன்.

ஃபாதரு மேசையத் தட்டி, அவளப் பாத்துக் கேட்டாரு. "டெல்பின், இந்தப் பிள்ளைக்கு நீ வாக்குக் குடுத்தியாம்மா?"

"குடுத்தேன் ஃபாதர்."

பாத்தீங்களா! அவ பொய் சொல்ல மாட்டா. ஜெயிச்சிட்டோம்னு நினைச்சேன்.

அந்த நேரம் மாப்பிள்ளை கைய நீட்டி, "அந்த ஃபைலக் குடுங்க"ன்னாரு. கிளீட்டஸு. நல்ல உயரம், கருப்பு, அதிகம் பேச மாட்டாரு போல. கிழிச்சிருவாருன்னு நினைச்சு இறுக்கிப் பிடிச்சேன். கிழிக்கல. மேசையில வச்சு ஒண்ணு ஒண்ணா திருப்புதாரு. கப்பல்ல இஞ்சினியர்லா, மேப்பு படிக்கத் தெரியுது. "இங்க ஏன் நாப்பத்திரெண்ட முப்பதாக் குறைச்சிருக்கீங்க?" எதிர்காத்துன்னேன், அந்த இடத்துல ஆறு வளையுது, ரெண்டு பக்கமும் மலை, காத்து மூஞ்சியில அடிக்கும். "சரிதான்"னாரு. "இந்த ஏழு நிமிசம்?" அவளுக்கு வலது முட்டுன்னேன். அவளத் திரும்பிப் பாத்தாரு. "முட்டு வலிக்குமா உனக்கு? சொல்லவே இல்ல." மூணு மாசமா இவ உப்புக் குவியலுக்குப் பின்னால நின்னு போன்ல பேசுனது இவருகிட்டத்தான், இவருக்கு முட்டு தெரியல பாத்துக்கோங்க!

கால் மணி நேரம் சொன்னேன். பாசாவ்ல இருந்து வியன்னா வரைக்கும் விரல வச்சு வச்சுக் காட்டினேன். ஃபாதரு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டாரு. உபதேசியாரு கண்ணாடிய மாட்டிக்கிட்டாரு. மாப்பிள்ளையோட அம்மா கூட, "இந்த மடத்துலயா நம்ம அலோய்சியா இருக்கு?"ங்காங்க. என் ஆயுசுல இப்படி யாரும் நான் பேசிக் கேட்டது இல்ல. எங்க மாமாவும் மாமா மகனும் இங்கன இருந்து பாக்கணுமேன்னு இருந்துச்சு.

முடிச்சேன். கிளீட்டஸு ஃபைல மூடிட்டு, "ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க"ன்னாரு. அவ பக்கம் திரும்பினாரு. "எனக்கு செப்டம்பர்ல அடுத்த லீவு வரும். நாம போவமா டெல்பி?"

நாம.

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சிரிப்புன்னா, ஒரு வாரமாப் பூட்டி வச்ச சிரிப்பு. டெல்பின் அப்பா மூஞ்சத் துடைக்காரு. உபதேசியாரு என் லெட்டர நாலா மடிச்சுப் பையில வச்சிக்கிட்டாரு. நாளைக்கு ரெண்டாவது ஓலை வாசிச்சிரலாம்னுட்டாரு ஃபாதர். நான் மட்டும் நிக்கேன், விரலு வியன்னா இருந்த இடத்துல மேசை மேல இருக்கு.

"எனக்குக் குடுத்த வாக்கு?"ன்னு கேட்டேன். சத்தமாக் கேட்டேன். அவதான குடுத்தேன்னு ஒத்துக்கிட்டா?

டெல்பின் அப்பத்தான் என்னப் பாத்தா. ஃபாதர்கிட்ட சொல்லுத மாதிரி சொன்னா, ஆனா என்னத்தான் பாத்தா. "எனக்குப் போவணும்னு ஆசைதான் ஃபாதர். நெசமா ஆசை. இவகூடப் போனா நான் ஆத்தப் பாக்க மாட்டேன். பதினாலு நாளும் இவ முதுகத்தான் பாப்பேன்."

அக்கா, நான் முன்னால போறதே எதுக்கு? முன்னால போற ஆளு காத்த வாங்குனாத்தான் பின்னால வர்ற ஆளுக்கு மிதிக்கது லேசு. எல்லா சைக்கிள்காரனுக்கும் தெரியும் அது. ஒண்ணரை வருசம் அந்த உப்பளத்துக் காத்து பூராவும் நான் வாங்கினேன். ஒரு நாள் கூட அவள முன்னால விடல. முதுகாம். அவளுக்கு என் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.

இத அங்கன சொன்னனா? சொல்லல. வாயத் திறந்தா அழுதிருவேன்னு சொல்லல. "இத நான் வச்சிக்கிடட்டுமா?"ன்னு ஃபைலத் தொட்டுக் கேட்டாரு கிளீட்டஸு. எல்லாரும் என்னப் பாக்காங்க. வச்சிக்கிடுங்கன்னேன். வேற என்ன சொல்ல? என் விரல் ரேகைய நீங்களே வச்சிக்கிடுங்கன்னா சொல்ல முடியும்?

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல வச்சு மதர் அலோய்சியாவுக்குப் போன் போட்டேன். நம்பர் என்கிட்ட இருந்துச்சு. மதர், எனக்கு மட்டும் தனியா ஒரு லெட்டர் போடுவீங்களா, தரையத் துடைக்கேன், பாத்திரம் கழுவுதேன், மடத்துல என்ன வேலைன்னாலும் செய்யேன்னேன். கெஞ்சினேன்க்கா. நான் யாருகிட்டயும் கெஞ்சுனது இல்ல. நல்ல மாதிரித்தான் பேசினாங்க. "டெல்பின் கேக்கட்டும்மா, போடுதேன்"னாங்க. டெல்பின் கேக்கணுமாம். டெல்பின் அம்மா அந்த நேரம்தான் ஓடி வந்து மீனத் திணிச்சாங்க. "கல்யாணத்துக்கு வந்திரு, என்ன"ங்காங்க.

என்னது? எந்த ஊரு இது? கருங்குளமா. சரி சரி, இருக்கு இன்னும்.

நீங்க ஒண்ணுமே சொல்லலையே. நான் பேச விட்டாத்தான சொல்லுவீங்கன்னு பாக்கீங்க. அவளும் இப்படித்தான் பாப்பா.

ஒரு விசயம் கேக்கேன். அந்த ஃபைல்ல ஒரு தப்பு இருக்கு. ஏழாம் நாளு. அங்கன பாதை ஒரு கரையில முடிஞ்சிரும், சின்னப் படகுல சைக்கிள ஏத்தி அந்தக் கரைக்குப் போவணும். அந்தப் படகுக்காரருக்கு நான் மெயில் போட்டு மூணு வாரம் கழிச்சு நேத்துத்தான் பதில் வந்துச்சு. திங்கக்கிழமை படகு ஓடாதாம். அடுத்த பாலம் இருவத்தாறு கிலோமீட்டரு திரும்பிப் போவணும், பூரா மேடு. ஃபைல்ல அது இல்ல. எழுத நேரம் இல்ல. திங்கக்கிழமை போய்ச் சேந்தாங்கன்னா ரெண்டு பேரும் சைக்கிளப் பிடிச்சிக்கிட்டு கரையில நிக்கணும்.

நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். ஆத்தப் பாக்கணும்னால்லா, நின்னு பாக்கட்டும்.

இருவத்தாறு கிலோமீட்டரு மேட்டுல அந்த முட்டு தாங்காது.

உங்க போன்ல வாட்சாப் இருக்காக்கா? என் போன்ல போவாது. என்ன ப்ளாக் பண்ணி ஆறு நாள் ஆவுது. நம்பர் மனப்பாடம், சொல்லுதேன், போடுங்க. ஆமா, படம் வருதுலா, அவதான். இந்தப் படம் நான் எடுத்தது. எழுதுங்க. ஏழாம் நாள் திங்கக்கிழமையா வந்தா படகு கிடையாது. ஒரு நாள் முன்னால தள்ளிக் கிளம்பு. பாலத்துப் பக்கம் போவாத, மேடு. முட்டுக்கு ஏழு நிமிசம் பத்தாது, பத்தாக்கு. அவரு முன்னால போவட்டும், காத்து உனக்கு அடிக்காது.

இல்ல, கடைசி வரிய அழிங்க. ...சரி, இருக்கட்டும். விடுங்க.

பேரா? பேரு எதுக்கு? இப்படி எழுததுக்கு அவளுக்கு வேற யாரு இருக்கா?

போயிட்டா? ரெண்டு டிக்கு விழுந்துட்டா? நீலமாயிட்டா? எங்க, இங்கன காட்டுங்க. டைப் பண்ணுதா. பாருங்க, டைப் பண்ணுதா. ...நின்னுட்டு. திரும்பவும் பண்ணுதா.

நின்னுட்டு.

என்ன, எந்திரிக்கீங்க? பாளையங்கோட்டை அதுக்குள்ளயா வந்துட்டு? இருங்க இருங்க, போன உள்ள வைக்காதீங்கக்கா, கையிலயே வச்சிருங்க. திருநெல்வேலி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், கிடக்கட்டும் சவம். நானும் உங்ககூட இங்கனயே இறங்குதேன்.